தலசீமியாவும் இரும்பும்: இரத்தம் குறைந்த பிள்ளைக்கு இரும்புப் பாணியைக் கூட்டிக் கொடுக்கலாமா?

03.02.2024 – கேள்வி (கோண்டாவிலிலிருந்து ஒரு வாசகி)

என் மகனுக்கு நான்கு வயது. ஈமோகுளோபின் 8.9 என்று அறிக்கை வந்தது. செங்குழியங்கள் சிறிதாக இருப்பதால் இரும்புக் குறைபாடாக இருக்கலாம் என்று கூறி மூன்று மாதம் இரும்புப் பாணி கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தோம், இப்போது 8.7. மாமி முருங்கையிலையும் பேரீச்சம்பழமும் கூட்டிக் கொடுக்கச் சொல்கிறார். கணவரின் சகோதரியின் மகளுக்குத் தலசீமியா இருப்பது அண்மையில்தான் எங்களுக்குத் தெரிந்தது. பாணியின் அளவைக் கூட்டலாமா? இரசாயனவியல் படிப்பித்த ரீச்சர் ஒருவர் இங்கே பதில் எழுதுவதாகச் சொன்னார்கள்.

04.02.2024

கூட்ட வேண்டாம். உங்கள் மருத்துவரிடம் இரண்டு பரிசோதனைகளைக் கேளுங்கள்: ஒன்று உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் சீரம் பெரிட்டின், மற்றது எச்.பி.எல்.சி. எனப்படும் ஈமோகுளோபின் பகுப்பாய்வு. நெருங்கிய உறவில் ஒரு பிள்ளைக்குத் தலசீமியா இருப்பதையும் கட்டாயம் சொல்லுங்கள். அந்த ஒரு தகவலே மருத்துவரின் எண்ணத்தை வேறு திசைக்குத் திருப்பிவிடும்.

சிறிய செங்குழியம் என்றவுடன் இரும்புக் குறைபாட்டை எண்ணுவது இயல்பு. பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆனால் ஈமோகுளோபின் இரண்டு பொருள்களால் ஆனது. இரும்பைத் தாங்கும் ஹீம் ஒன்று, அதைச் சூழ்ந்திருக்கும் குளோபின் எனும் புரதச் சங்கிலிகள் மற்றது. இரும்பு போதாவிட்டால் ஹீம் உருவாகாது. தலசீமியாவில் இரும்பும் ஹீமும் வேண்டிய அளவு இருக்க, மரபணுப் பழுதால் குளோபின் சங்கிலிதான் போதிய அளவில் உருவாவதில்லை. இரண்டிலும் செங்குழியம் சிறிதாகவும் வெளிறியும் தெரியும். நுணுக்குக்காட்டியில் ஒன்றைப் பார்த்து மற்றதென எண்ணிவிடலாம். இரும்பைக் கொடுத்தும் ஈமோகுளோபின் அசையவில்லை என்றால், குறைந்திருப்பது இரும்புதானா என்று அளந்து பார்க்காமல் மேலும் கொடுக்கக் கூடாது.

04.02.2024, இரவு

முற்பகல் எழுதியதில் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். என் மகனும் தலசீமியா நோயாளி. இப்போது முப்பது வயதை அண்மிக்கிறான். அவன் கைக்குழந்தையாக இருந்தபோது எங்கள் பகுதித் தனியார் மருத்துவர் ஒருவர் நீண்ட காலம் இரும்புப் பாணி கொடுத்துவந்தார். பிள்ளை வெளிறிக்கொண்டே போனான், வயிறு மண்ணீரலால் புடைத்தது, பாணிப் போத்தல் மட்டும் மாறிக்கொண்டிருந்தது. உயர்தர வகுப்பில் ஒட்சியேற்றமும் தாழ்த்தலும் படிப்பித்துக்கொண்டிருந்த எனக்கு, என் பிள்ளையின் உடலுக்குள் அதே தாக்கம் நடந்துகொண்டிருந்தது அப்போது தெரியாது. அதனால்தான் இந்தக் கேள்வியைக் கண்டதும் மற்ற வேலையை வைத்துவிட்டு எழுதுகிறேன்.

06.02.2024

மானிப்பாயிலிருந்து ஒருவர், "அப்படியானால் முருங்கையிலை நஞ்சா?" என்று கேட்டிருக்கிறார். நஞ்சு இல்லை. கணக்கைப் பார்த்தால் விளங்கும்.

வளர்ந்த ஒருவரின் உடலில் மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. உணவிலிருந்து நாளொன்றுக்கு 1 அல்லது 2 மில்லிகிராம்தான் உறிஞ்சப்படுகிறது. ஏறத்தாழ அதே அளவு உதிரும் தோல் மற்றும் குடற்கலங்களோடு வெளியேறுகிறது. உப்பு கூடினால் சிறுநீரகம் வெளியேற்றும். இரும்பு கூடினால் வெளியேற்றுவதற்கு உடலில் எந்த வழியும் இல்லை. உள்ளே வருவதைக் கட்டுப்படுத்துவது ஒன்றுதான் உடலுக்குத் தெரிந்த முறை.

இனி தலசீமியாவால் ஒழுங்காக இரத்தம் ஏற்றும் பிள்ளையைப் பாருங்கள். ஒரு பை செங்குழியத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் வரை இரும்பு உண்டு. உணவின் வழியாக ஆறு, ஏழு மாதத்தில் வரக்கூடிய இரும்பு, ஒரே பிற்பகலில், குடலின் கட்டுப்பாட்டைக் கடந்து நேரே நாளத்துக்குள் இறங்குகிறது. ஒழுங்காக இரத்தம் ஏற்றும் நோயாளிக்கு இப்படிச் சேரும் இரும்பு, உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 0.3 முதல் 0.6 மில்லிகிராம் வரை வரும். 30 கிலோகிராம் பிள்ளைக்கு 9 முதல் 18 மில்லிகிராம். இந்தத் தொகைக்கு முன் ஒரு கைப்பிடி முருங்கையிலை வறை பொருட்டே இல்லை. இரத்தம் ஏற்றும் பிள்ளையின் சோற்றுக் கோப்பையிலிருந்து வறையைப் பறித்துவிட்டு, இரும்பை வெளியேற்றும் இரவு மருந்தைத் தவறவிடும் வீடுகளை நான் கண்டிருக்கிறேன். அதைக் காணும்போது மனம் பதறும்.

இரத்தம் ஏற்றாத தலசீமியாவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

09.02.2024

இரும்பு சேர்ந்தால் என்ன கெடும் என்று என் பழைய மாணவர் ஒருவர் கேட்கிறார். அவருக்கு இது தெரிந்திருக்க வேண்டிய பாடம்.

குருதியில் இரும்பைச் சுமப்பது திரான்ஸ்பெரின் எனும் புரதம். ஒரு மூலக்கூறு இரண்டு பெரிக்கு அயன்களை (மூன்று நேர் மின்னேற்றமுள்ள இரும்பு) பிடிக்கும். ஒவ்வொன்றையும் பிடிக்கும்போது ஒரு காபனேற்று அயனும் துணைக்கு வந்து பிணைய வேண்டும். உடல்நலமுள்ளவரில் திரான்ஸ்பெரினின் இடங்களில் மூன்றிலொரு பங்களவே நிரம்பியிருக்கும். இரத்தம் ஏற்றிக்கொண்டே போகும்போது அது 70 சதவீதத்தைத் தாண்டுகிறது. அதன் பின் எவரும் சுமக்காத இரும்பு குருதியில் அலையத் தொடங்குகிறது. திரான்ஸ்பெரின் சுமக்கும் இரும்பைக் கலங்கள் தேவைக்கேற்ப மட்டும் எடுக்கும். இந்த அலையும் இரும்பு ஈரல், இதயத் தசை, கபச்சுரப்பி, சதையி ஆகியவற்றுக்குள் வேறு வாயில்களால் நுழைந்துவிடுகிறது.

கலத்துக்குள் அது பெரசு நிலைக்கும் (இரண்டு நேர் மின்னேற்றம்) பெரிக்கு நிலைக்கும் இடையே மாறி மாறி இலத்திரனைக் கொடுத்து வாங்குகிறது. கலம் சுவாசிக்கும்போது சிறிதளவு ஐதரசன் பேரொட்சைட்டு எப்போதும் உருவாகும். பெரசு அயன் அதைச் சந்தித்தால் ஐதரொட்சில் மூலிகம் பிறக்கும். பென்ரன் எனும் இரசாயனவியலாளர் 1894 இல் தாத்தாரிக்கு அமிலத்தைக் கொண்டு விவரித்த தாக்கத்தின் வழி இதுதான். அந்த மூலிகம் தான் பிறந்த இடத்திலேயே மென்சவ்வின் கொழுப்பையும் புரதத்தையும் டி.என்.ஏ.யையும் தாக்கும். இரும்பு செலவாகி முடிவதில்லை; மீண்டும் தாழ்த்தப்பட்டு அடுத்த மூலிகத்துக்கு ஆயத்தமாகிவிடும். சிறிதளவு இரும்பு பெரிய சேதத்தை விளைவிப்பது இதனால்தான்.

இதயம் பலவீனமாவதும் துடிப்பு ஒழுங்கு கெடுவதும், பருவமடைதல் தாமதிப்பதும், நீரிழிவும், தைரொயிட்டுக் குறைவும் இந்த ஒரே தாக்கத்தின் விளைவுகள். முற்காலத்தில் இரத்தம் ஏற்றப்பட்ட பிள்ளைகள் இருபது வயதளவில் இதயம் செயலிழந்து இறந்ததற்குக் காரணம் குருதிச்சோகை இல்லை, ஏற்றிய குருதியில் இருந்த இரும்பு.

17.02.2024

கோண்டாவில் தங்கச்சி அறிக்கையின் விவரத்தை எழுதியிருக்கிறார். பிள்ளைக்கு ஈமோகுளோபின் ஈ – பீற்றா தலசீமியா. தகப்பன் பீற்றா தலசீமியாவின் காவி (மரபணுவைச் சுமப்பவர்), தாய் ஈமோகுளோபின் ஈ எனும் மாறிய ஈமோகுளோபினின் காவி; பிள்ளைக்கு இரண்டும் வந்திருக்கின்றன. பெற்றோர் இருவருக்கும் இதுவரை எந்த நோயும் இருந்ததில்லை. பிள்ளையின் பெரிட்டின் குறையவில்லை, கூடுதலாகவே இருக்கிறது. பாணியை நிறுத்திவிட்டார்கள். நல்லது.

இந்த வகை இலங்கைக்குப் புதிதில்லை. குருநாகல் வைத்தியசாலையின் தலசீமியா மையத்தில் தலசீமியா ஆய்வாளர்களான சேர் டேவிட் வெதரலும் நான்சி ஒலிவியேரியும் எங்கள் நாட்டு மருத்துவர்களோடு சேர்ந்து இந்த நோயாளரையே நீண்ட காலம் கவனித்து எழுதினார்கள். ஒரே மரபணு அமைப்புள்ள இருவரில் ஒருவருக்கு மாதந்தோறும் இரத்தம் வேண்டியிருக்க, மற்றவர் ஏற்றாமலே பள்ளிக்கூடம் போய்வருவார் என்பது அங்கே தெளிவாகக் காணப்பட்டது. ஆகவே அறிக்கையிலுள்ள பெயரைக் கண்டு கலங்க வேண்டாம். வளர்ச்சி, மண்ணீரலின் அளவு, முகத்தின் எலும்பு, விளையாடும்போது களைப்பு ஆகியவற்றைச் சில காலம் பார்த்துத்தான் இரத்தம் ஏற்ற வேண்டுமா என்று முடிவெடுப்பார்கள்.

18.02.2024

நேற்றைய பதிவின் தொடர்ச்சி. இரத்தம் ஏற்றாத பிள்ளையின் பெரிட்டின் ஏன் கூடியிருக்கிறது? மூன்று மாதப் பாணி மட்டும் காரணம் என்று எண்ண வேண்டாம்.

ஈரல் ஹெப்சிடின் எனும் 25 அமினோ அமிலம் கொண்ட சிறு புரதத்தைச் சுரக்கிறது. குடற்கலத்திலிருந்து இரும்பு குருதிக்குள் போகும் வாயிலின் பெயர் பெரோபோர்ட்டின். ஹெப்சிடின் அந்த வாயிலை மூடும். தலசீமியாவில் என்பு மச்சை ஓய்வின்றிச் செங்குழியங்களைத் தயாரிக்கிறது, அவற்றில் பெரும்பகுதி முதிருமுன்பே அழிகிறது. அந்தப் பதறிய மச்சை எரித்ரோபெரோன் எனும் ஓமோனை வெளிவிட்டு ஹெப்சிடினை அடக்குகிறது என்பதை 2014 இல் கண்டறிந்தார்கள். இரும்பு ஏற்கனவே நிறைந்திருக்கும் உடலில், பற்றாக்குறை நிலவுவதுபோல் குடலின் வாயில் திறந்தே கிடக்கிறது.

இந்தப் பிள்ளைக்கு உணவு முக்கியம். இரும்புப் பாணியும் இரும்பு சேர்த்த சத்துமாவும் வேண்டாம். இறைச்சியிலும் ஈரலிலும் உள்ள ஹீம் இரும்பு எளிதில் உறிஞ்சப்படும், ஆகவே அளவோடு. சாப்பாட்டோடு வெறுந்தேநீர் குடித்தால் அதிலுள்ள தனின் இலைக்கறி இரும்பின் உறிஞ்சலைக் குறைக்கும். பொதுவாகத் தாய்மாருக்குச் சொல்வதற்கு இது நேர்மாறானது என்பதால் வீட்டில் எல்லோருக்கும் விளக்கிச் சொல்லுங்கள், குறிப்பாக மாமிக்கு. அவர் பேரப்பிள்ளையின் நன்மைக்குத்தான் சொல்கிறார்.

25.02.2024

வவுனியாவிலிருந்து ஒரு தகப்பன்: "இரும்பு ஏறுமென்ற பயத்தில் இரத்தம் ஏற்றும் திகதியை இரண்டு வாரம் தள்ளிப்போடுகிறோம். ஈமோகுளோபின் 7 வரை தாங்குகிறான்."

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அடுத்த இரத்தம் ஏற்றுமுன் ஈமோகுளோபின் 9 இற்கும் 10.5 இற்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது, மச்சையின் வீண் உழைப்பை அடக்குவதற்காக வைத்த அளவு. 7 இற்கு விட்டால் மச்சை விரியும், கன்னத்து எலும்பு புடைக்கும், மண்ணீரல் பெருத்து ஏற்றும் குருதியையும் விழுங்கும். நான் முன்பு எழுதிய வாயில் திறந்து குடலாலும் இரும்பு வரும். இரத்தத்தை உரிய திகதியில் ஏற்றுங்கள். இரும்பை மருந்தால் இறக்குங்கள். ஒன்றைக் குறைத்து மற்றதைச் சமாளிக்க முடியாது.

10.03.2024

இனி இரும்பை இறக்கும் மருந்துகள். இதை நீளமாக எழுதப்போகிறேன், ஏனெனில் எங்கள் வீட்டின் இரவுகள் இதிலேயே கழிந்தன.

பெரிக்கு அயன் சிறியது, மின்னேற்றம் கூடியது. ஒட்சிசன் அணுக்களையே விரும்பிப் பிணைக்கும். அதைச் சுற்றி ஆறு பிணைப்பிடங்கள் உண்டு. டெஸ்பெரியொக்சமீன், எங்கள் வாயில் டெஸ்பெரல், தன் ஒரே மூலக்கூறிலுள்ள ஆறு ஒட்சிசன்களால் அந்த ஆறு இடங்களையும் நிரப்பிவிடும். அயன் முழுதாக மூடப்படுவதால் பேரொட்சைட்டு அதை நெருங்க முடியாது. ஆகவே பிடிபட்ட இரும்பு, உடலை விட்டுப் போகுமுன்பே தீங்கற்றதாகிவிடுகிறது. கல்சியம், மகனீசியம் போன்ற அயன்களை இது பொருட்படுத்துவதில்லை என்பதால்தான் எலும்பின் கல்சியத்தை இழக்காமல் ஆண்டுக்கணக்கில் கொடுக்க முடிகிறது.

இந்த மூலக்கூறு ஸ்திரெப்டோமைசிஸ் பைலோசஸ் எனும் மண் பக்டீரியாவுக்குச் சொந்தமானது. மண்ணில் கரையாமல் கிடக்கும் இரும்பைக் கரைத்து எடுப்பதற்காக அது தயாரிக்கும் பொருளைச் சுவிற்சர்லாந்தில் பிரித்தெடுத்து மருந்தாக்கினார்கள்.

குறை என்னவென்றால், வாயால் கொடுத்தால் உறிஞ்சப்படாது. குருதியில் அரை மணி நேரத்துக்குள் பாதியளவு இல்லாமல் போய்விடும். அதனால் தோலுக்கடியில் 8 முதல் 12 மணி நேரம், வாரத்தில் ஐந்து இரவுக்குக் குறையாமல், பம்பினால் மெல்லச் செலுத்த வேண்டும். குப்பியிலுள்ள வெண்தூளுக்குள் கிருமிநீக்கிய நீரை விட்டு, குலுக்காமல் உள்ளங்கைகளுக்கிடையே உருட்டி, தூள் முழுதும் கரைந்து தெளியும்வரை விளக்கில் பிடித்துப் பார்ப்பேன். பிறகு சிரிஞ்சில் எடுத்து, வளியை வெளியேற்றி, நேற்றைய தடிப்பு இல்லாத இடமாக வயிற்றில் தேடி, மெல்லிய ஊசியைக் குத்தி ஒட்டுவேன். காலையில் சிறுநீர் செம்மஞ்சள் நிறமாகப் போகும். அந்த நிறம் பெரியொக்சமீன், அதாவது மருந்தோடு பிணைந்து வெளியேறும் இரும்பு. மகனைக் கூப்பிட்டு அதைக் காட்டுவேன். தான் குத்து வாங்கிய இரவின் பயனைப் பிள்ளை தன் கண்ணால் காண வேண்டும் என்று விரும்பினேன்.

11.03.2024

ஒருவர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். ஒரு கிராம் டெஸ்பெரல் 85 மில்லிகிராம் இரும்பைப் பிடிக்கும் என்று மருந்துத் தாளில் இருக்கிறது. அப்படியானால் வார இறுதியில் ஒரே தடவையில் கூட்டிக் கொடுத்தால் போதாதா?

போதாது. உடலிலுள்ள இரும்பின் பெரும்பகுதி பெரிட்டின் எனும் புரதக் கூட்டுக்குள் (ஒரு கூட்டில் 4500 அணுக்கள் வரை) பூட்டப்பட்டிருக்கும், அல்லது ஹீமோசிடரினாக உறைந்திருக்கும். எந்த நேரத்திலும் மருந்துக்கு எட்டுவது அவற்றிலிருந்து கசிந்து வரும் சிறு பங்குதான். ஊறும் அளவுக்கே கிணற்றில் இறைக்கலாம். பெரிய வாளியைக் கொண்டுவந்தாலும் ஊற்று விரையாது. கூட்டிய மருந்து இரும்பைக் காணாமல் மற்ற இழையங்களைத் தொடும். இரும்புச் சுமை குறைவாக உள்ளவருக்கு அளவை மிஞ்சிக் கொடுத்தால் செவிப்புலனும் பார்வையும் பிள்ளைகளின் வளர்ச்சியும் பாதிக்கப்படும். அதனால் ஆண்டுதோறும் காதையும் கண்ணையும் பரிசோதிக்கிறார்கள். மருந்து நின்ற சில மணி நேரத்தில் அலையும் இரும்பு மீண்டும் குருதியில் தோன்றிவிடும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

2006 இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடப்பட்டபோது என் மகன் சிறுவன். மருந்து வருமா என்று காத்திருந்த வாரங்களில், இருப்பதைப் பங்கிட்டு, அளவைக் குறைத்தாலும் இரவுகளைக் குறைக்காமல் கொடுக்குமாறு மருத்துவர் ஆலோசனை கூறினார். அந்த ஆலோசனையின் இரசாயனவியல் இதுதான்.

24.03.2024

நெல்லிச்சாறு பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். விற்றமின் சி பெரிக்கை பெரசாகத் தாழ்த்தும், உறைந்த இரும்பை அசைக்கும். டெஸ்பெரல் ஓடிக்கொண்டிருக்கும்போது சிறிதளவு (கிலோகிராமுக்கு 2 முதல் 3 மில்லிகிராம்) கொடுத்தால் சிறுநீரோடு போகும் இரும்பு கூடும். மருத்துவர்கள் அப்படிக் கொடுப்பதுண்டு. பிடிக்க மருந்தில்லாத நேரத்தில் கூடிய அளவு கொடுத்தால் அசைந்த இரும்பு இதயத்துக்குப் போகலாம். உணவிலுள்ள ஒரு தேசிக்காய்ப் புளியைப் பற்றி நான் பேசவில்லை. தினமும் கோப்பை நிறைய நெல்லிச்சாறும், கடையில் வாங்கும் விற்றமின் சி குளிசையும்தான் ஆபத்து.

05.04.2024

காய்ச்சலைப் பற்றி எழுதுமாறு தனிமடலில் ஒரு தாதியர் கேட்டிருந்தார். இந்த இழையில் வேறெதையும் வாசிக்காவிட்டாலும் இதை வாசியுங்கள்.

டெஸ்பெரல் போடும் பிள்ளைக்குக் காய்ச்சலும் வயிற்றுவலியும் அல்லது வயிற்றோட்டமும் வந்தால் அன்றே ஊசியை நிறுத்திவிட்டு வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். மண் பக்டீரியாவின் மூலக்கூறு என்று சொன்னேன் அல்லவா? யெர்சினியா எனும் குடற்கிருமி, மருந்து பிடித்த இரும்பைத் தன்னுள் எடுத்துப் பெருகக்கூடியது.

இரும்பை இறக்கும் மற்றொரு மருந்தான டெபெரிப்ரோன் குளிசை எடுப்பவருக்குக் காய்ச்சலோ தொண்டை நோவோ வந்தாலும் அப்படியே. இந்த மருந்தில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு வெண்குழியங்கள் ஆபத்தான அளவுக்கு விழுந்துவிடும். குளிசையை நிறுத்தி, அன்றே இரத்த எண்ணிக்கை பார்க்க வேண்டும். "சாதாரணத் தடிமன்தானே" என்று பனடோல் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள்.

21.04.2024

டெபெரிப்ரோனைப் பயமுறுத்தும் விதத்தில் மட்டும் எழுதிவிட்டது நியாயமில்லை. சிறிய மூலக்கூறு, ஒரு அயனைப் பிடிக்க மூன்று மூலக்கூறுகள் வேண்டும், நாளுக்கு மூன்று வேளை எடுக்க வேண்டும். ஆனால் சிறிதாகவும் மின்னேற்றமின்றியும் இருப்பதால் கலத்துக்குள் நுழைந்து இதயத் தசையின் இரும்பை வெளியே கொண்டுவருகிறது. இதயத்தில் இரும்பு கூடியவர்களுக்கு டெஸ்பெரலோடு சேர்த்து இதைக் கொடுப்பதற்குக் காரணம் அதுவே.

இதயத்தின் இரும்பை எப்படி அறிவது என்று கேட்டால், பெரிட்டின் போதாது என்பேன். பெரிட்டின் அழற்சியாலும் ஏறும். மாரி மழை முடிந்து டெங்கு பரவும் காலத்தில் காய்ச்சலோடு எடுத்த பெரிட்டினைக் கண்டு ஒரு குடும்பம் கலங்கி அழுததை அறிவேன். சுகமாகிச் சில வாரத்தின் பின் எடுத்தபோது பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது. ஒரு எண்ணைப் பார்க்காமல் போக்கைப் பாருங்கள்.

இதயத்துக்கு எம்.ஆர்.ஐ. இல் ரி2 நட்சத்திரம் எனும் அளவீடு இருக்கிறது. இழையத்தில் உறைந்த இரும்பு காந்தப் புலத்தைக் குலைப்பதால் சைகை விரைவில் மங்கும். அது மங்கும் நேரத்தை மில்லிசெக்கனில் அளக்கிறார்கள். 20 இற்கு மேல் இருந்தால் இதயத்தில் இரும்பு படியவில்லை. 10 இற்குக் கீழ் வந்தால் இதயம் செயலிழக்கும் ஆபத்து உண்மையானது. மருந்தை உடனே வலுப்படுத்த வேண்டும். பெரிட்டின் நன்றாக இருந்தும் இந்த அளவு குறைந்திருப்பவர்கள் உண்டு. முதல் தடவை என் மகனின் அறிக்கை கைக்கு வந்தபோது அந்த எண்ணை வாசிக்க எனக்குத் துணிவு வரவில்லை. அவனே வாங்கி வாசித்தான். 16. அன்றிலிருந்து அவன் ஒரு இரவையும் தவறவிட மறுக்கிறான், நான் நினைவூட்டத் தேவையில்லை.

12.05.2024

மச்சை மாற்றுச் சிகிச்சை செய்தால் இந்த மருந்தெல்லாம் நின்றுவிடுமா என்று கேட்டவருக்கு: புதிய மச்சை நல்ல குருதியைத் தரும், இரத்தம் ஏற்றுவது நிற்கும். முன்பு சேர்ந்த இரும்பு அங்கேயே இருக்கும், ஏனெனில் வெளியேற வழி இப்போதும் இல்லை. அதற்காகப் பிற்பாடு கிலோகிராமுக்கு 6 மில்லிலீற்றர் வீதம் இரண்டு வாரத்துக்கொருமுறை குருதியை எடுத்து வெளியேற்றுவார்கள். எடுத்த குருதியை ஈடுசெய்ய மச்சை களஞ்சியத்து இரும்பைச் செலவிடும். வாழ்நாளெல்லாம் குருதி வாங்கிய பிள்ளையின் உடலிலிருந்து குருதி எடுப்பதைப் பார்த்து உறவினர் திகைக்கக் கூடும், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

02.06.2024

இரும்பை இறக்கும் மூன்றாவது மருந்தான டெபெராசிரொக்ஸ் குளிசை பற்றிக் கேட்டவர்கள் அதிகம், ஆகவே கடைசியாக வைத்தேன். அமெரிக்காவில் 2005 இல் அனுமதி பெற்றது. இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்து ஒரு அயனைப் பிடிக்கும். குருதியில் நீண்ட நேரம் தங்குவதால் நாளுக்கு ஒருமுறை போதும். இரும்பு மலத்தோடு போகும். ஆகவே சிறுநீரின் நிறம் மாறவில்லை என்று கவலைப்பட வேண்டாம். சிறுநீரகத்தையும் ஈரலையும் மாதந்தோறும் பரிசோதிக்க வேண்டும். வயிற்றோட்டத்தாலோ வாந்தியாலோ உடல் நீரை இழக்கும் நாளில் மருந்தை எடுக்குமுன் கிளினிக்கில் கேளுங்கள்.

கரைக்கும் குளிசையை விழுங்கவோ கடிக்கவோ கூடாது. வெறுவயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு, கண்ணாடிக் குவளையில் நீரிலோ தோடம்பழச் சாற்றிலோ போட்டுக் கலக்குங்கள். அது முழுதாகக் கரையாது. வெண்மையாகக் கலங்கி நிற்கும். குடித்தபின் குவளையின் அடியில் ஒட்டியிருக்கும் படிவில் மீண்டும் சிறிது நீர் விட்டுச் சுழற்றி அதையும் குடிக்க வேண்டும், ஏனெனில் அந்தப் படிவும் மருந்துதான். பாலிலும் சோடாவிலும் கரைக்க வேண்டாம். அலுமினியம் கலந்த அமிலமுறிப் பாணியைச் சேர்த்து எடுக்கவும் கூடாது.

09.06.2024

மேலுள்ளதற்கு ஒரு சேர்க்கை, முக்கியமானது. இப்போது விழுங்கும் வகைக் குளிசையும் கிடைக்கிறது. இதன் உறிஞ்சல் கூடுதல் என்பதால் அளவு குறைவு: கரைக்கும் வகையில் கிலோகிராமுக்கு 20 மில்லிகிராம் எடுத்தவர் இதில் 14 எடுக்க வேண்டும். கரைக்கும் 500 இற்கு விழுங்கும் 360 ஈடாகும். வெளிநாட்டு உறவினர் அனுப்பிய பெட்டியில் மருந்தின் பெயர் ஒன்றாக இருப்பதைக் கண்டு, பழைய மில்லிகிராம் கணக்கிலேயே எடுத்தால் அளவு மிஞ்சிச் சிறுநீரகத்தைத் தாக்கும். பெட்டியை அப்படியே கிளினிக்குக்குக் கொண்டுபோய், எத்தனை குளிசை என்பதை மருத்துவரைக் கொண்டு புத்தகத்தில் எழுதுவித்துவிட்டுத் தொடங்குங்கள்.